பரணில் கிடக்கும் லெகோ பெட்டி... 40 வயதில் மீண்டும் கட்டத் தொடங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொம்மைக் கடையில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. மூலையில் '18+' என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே என்ன என்று பார்த்தால், பிளாஸ்டிக் கட்டைகள்! டென்மார்க்கைச் சேர்ந்த லெகோ நிறுவனம் 2020 முதல் பெரியவர்களுக்கான செட்களை இப்படித்தான் தனியாகப் பிரித்து விற்கிறது.

"சின்னப் பசங்க விளையாட்டு ஆச்சே, இந்த வயசுல இது எதுக்கு?" என்ற கேள்வி வீட்டில் கட்டாயம் வரும். ஆனால் சிறு வயதில் கட்டி விளையாடி, பத்தாம் வகுப்பு வந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டியவர்கள், 30, 40 வயதில் மீண்டும் அதே கட்டைகளைத் தேடி வருவது உலகம் முழுக்க நடக்கிறது.

திரும்பி வருவது சுலபம்தான். கார்டைத் தேய்த்தால் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், வாங்குவது வேறு, கட்டுவது வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் கைக்காசையும், கூடவே ஆர்வத்தையும் தொலைக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்? பார்க்கலாம்.

'இருண்ட காலம்' என்றால் என்ன?

லெகோ ரசிகர்களுக்கு என்று தனி அகராதியே இருக்கிறது. 'அடல்ட் ஃபேன் ஆஃப் லெகோ' என்பதைச் சுருக்கி, வளர்ந்த ரசிகர்களை 'ஏஃபோல்' என்கிறார்கள். சிறு வயதில் கட்டைகளை விட்டு விலகிய நாளில் இருந்து, மீண்டும் கையில் எடுக்கும் நாள் வரை உள்ள இடைவெளிக்கு 'டார்க் ஏஜஸ்', அதாவது இருண்ட காலம் என்று பெயர். சிலருக்கு அது 10 வருடம், சிலருக்கு 30 வருடம்.

பெரும்பாலும் 12, 13 வயதில் இந்தக் காலம் தொடங்கும். பரீட்சை ஒரு காரணம். "இன்னுமா பொம்மை வச்சு விளையாடுற?" என்ற நண்பர்களின் கேலி அதைவிடப் பெரிய காரணம். முடிவது பல விதம். மகனுக்கோ மகளுக்கோ வாங்கிய பிறந்தநாள் பரிசை உட்கார்ந்து கட்டிக்கொடுக்கும்போது கை பழைய ஞாபகத்துக்கு வந்துவிடும். அல்லது வீடு மாற்றும்போது பழைய டப்பா கண்ணில் படும்.

1990-களின் இறுதி வரை இப்படித் திரும்பிய பலரும், தான் ஒருவர் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இணையம் வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். 1998-ல் தொடங்கிய 'லக்நெட்' என்ற தளம் அவர்களின் முதல் பெரிய சந்திப்பு இடங்களில் ஒன்று.

உண்மையில் இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நம்ம ஊர் கொலுவில் பெரியவர்களே தரையில் உட்கார்ந்து பூங்காவும் ரயில் நிலையமும் அமைப்பதை யாராவது வினோதமாகப் பார்க்கிறார்களா என்ன?

நிறுவனமே லேட்டாகத்தான் புரிந்துகொண்டது

1932-ல் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் தொடங்கிய மர பொம்மைப் பட்டறைதான் லெகோ. 'நன்றாக விளையாடு' என்ற பொருள் தரும் 'லெக் கோட்' என்ற டேனிஷ் சொற்களில் இருந்து வந்தது பெயர். 1949-ல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அவை உள்ளே வெறும் கூடாக இருந்ததால் சரியாகப் பிடித்து நிற்கவில்லை. உள்ளே குழாய்களை வைத்து அந்தக் குறையைத் தீர்த்த வடிவத்துக்கு 1958 ஜனவரி 28-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இன்று நாம் கையில் எடுப்பது அதே கட்டைதான்.

நீண்ட காலம் நிறுவனத்தின் கண்ணில் குழந்தைகள் மட்டும்தான் வாடிக்கையாளர்கள். முதல் அதிர்ச்சி 1998-ல் வந்தது. 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற ரோபோ செட்டை வெளியிட்டார்கள். வாங்கியவர்களில் நிறைய பேர் பெரியவர்கள்! அதன் உள்ளே ஓடும் மென்பொருளின் ரகசியத்தை அமெரிக்க மாணவர் ஒருவர் விரைவிலேயே பிரித்துப் போட்டுவிட்டார். வழக்குப் போடலாமா என்று யோசித்த நிறுவனம், பிறகு விட்டுப்பிடித்தது. அடுத்த பதிப்பை உருவாக்கும்போது அப்படிப்பட்ட ரசிகர்களையே கூப்பிட்டு யோசனை கேட்டது. அது 2006-ல் வெளியானது.

இடையில் நிறுவனம் திவாலாகும் நிலைக்கே போனது. 2003-ல் பெரும் நஷ்டம். 2004-ல் யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது 35. தாறுமாறாகப் பெருகியிருந்த கட்டை வகைகளைச் சுமார் பாதியாகக் குறைத்தார். கூடவே, பெரியவர்களின் பேச்சுக்குக் காது கொடுக்கும் பழக்கமும் வளர்ந்தது.

அதன் பலன் 2007-ல் தெரிந்தது. 'கஃபே கார்னர்' என்ற மூன்று மாடிக் கட்டட செட், 2,056 கட்டைகளுடன் வெளியானது. வடிவமைத்தவர் ஜேமி பெரார்ட். ரசிகராக இருந்து நிறுவனத்தில் வடிவமைப்பாளர் ஆனவர். இந்த வரிசைக் கட்டடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இணைத்தால் ஒரு தெருவே உருவாகும். இன்றுவரை அந்தத் தெரு நீண்டுகொண்டே இருக்கிறது.

பிறகு 'லெகோ ஐடியாஸ்' வந்தது. யார் வேண்டுமானாலும் தங்கள் வடிவத்தைப் பதிவேற்றலாம். 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் நிறுவனம் பரிசீலிக்கும். தேர்வானால் விற்பனையில் 1 சதவீதம் அவருக்கு. 2017-ல் வந்த அப்பல்லோ சாட்டர்ன்-5 ராக்கெட் இப்படி வந்ததுதான். அதில் உள்ள கட்டைகளின் எண்ணிக்கை 1,969. நிலவில் மனிதன் கால் வைத்த வருடம்!

பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

திரும்பி வருபவர் செய்ய வேண்டிய முதல் வேலை கடைக்குப் போவது அல்ல. பரணில் ஏறுவது. 1958-க்குப் பிந்தைய கட்டை எதுவாக இருந்தாலும் இன்று வாங்கும் கட்டையோடு பொருந்தும். ஆகவே சிறு வயதில் அப்பா வாங்கித் தந்த அரை டப்பா கட்டை, வெறும் நினைவுப் பொருள் அல்ல. இன்றைக்கும் புழங்கும் சரக்கு.

சில விஷயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். 1963-க்கு முன்பு வேறு வகை பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்கள். அவை நாளடைவில் வளைந்துபோகும். 1963 முதல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வந்தது. அது உறுதியானது, ஆனால் வெயில் பட்டால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாகும்.

நிறத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 2004 வாக்கில் சாம்பல், பழுப்பு நிறங்களின் சாயலையே நிறுவனம் மாற்றிவிட்டது. பழைய சாம்பலும் புதிய சாம்பலும் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. கோட்டை கட்டும் ரசிகர்கள் இதற்காக நிறுவனத்தின் மீது கொண்ட கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை!

இன்னொன்று முக்கியம். பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய பிளாஸ்டிக் பொம்மைகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில், காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருப்பது தெரியவந்தது. 1970, 80-களின் பழைய லெகோ கட்டைகளும் அதில் அடக்கம். பெரியவர்கள் கையில் எடுத்துக் கட்டலாம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

கழுவுவது எப்படி? 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கை. அவ்வளவுதான். வாஷிங் மெஷின், ஹேர் டிரையர் இரண்டும் கூடாது. மோட்டார் உள்ள பாகங்கள், ஸ்டிக்கர் ஒட்டியவை தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. வடாம் காய வைப்பது போல மொட்டை மாடி வெயிலில் பரப்பிவிடவும் வேண்டாம். ஃபேனுக்குக் கீழே துணி விரித்தால் போதும்.

நிறம் பார்த்துப் பிரிக்கிறீர்களா? நிறுத்துங்கள்!

கழுவியாச்சு. அடுத்து பிரித்து வைக்க வேண்டும். புதிதாகத் திரும்புபவர்கள் 10-ல் 9 பேர் செய்வது, சிவப்பெல்லாம் ஒரு டப்பா, நீலமெல்லாம் ஒரு டப்பா என்று நிறம் பார்த்துப் பிரிப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேலைக்கு ஆகாது.

யோசித்துப் பாருங்கள். 500 சிவப்புக் கட்டைகளுக்கு நடுவில் ஒரே ஒரு சின்ன சிவப்புக் கீலைத் தேட வேண்டும் என்றால் கண் பூத்துவிடும். எல்லாமே சிவப்பு, எதைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அதுவே கீல்கள் மட்டும் இருக்கும் டப்பா என்றால், பல நிறங்களுக்கு நடுவில் சிவப்பு சட்டென்று கண்ணில் படும். நம் கண் நிறத்தை உடனே பிடித்துவிடும், வடிவத்தைத் தேடித்தான் பிடிக்கும். அதனால் கட்டைகளை வடிவம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதற்காக முதல் நாளே 60 டப்பா வாங்க வேண்டாம். கட்டை, தட்டு, சரிவு, சக்கரம்-அச்சு, பொம்மை மனிதர்கள், மற்றவை என்று ஆறு பிரிவு போதும். எந்த டப்பாவில் கை விட்டுத் துழாவ ஆரம்பிக்கிறீர்களோ, அப்போது அதை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். பருப்பு டப்பா, பிஸ்கட் டப்பா எல்லாம் இதற்குத் தாராளமாக உதவும்.

இந்தப் பிரிக்கும் வேலை போரடிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் இருந்து வந்து, டிவியை ஓட விட்டு, அரை மணி நேரம் கட்டை பிரிப்பதைத்தான் இந்தப் பொழுதுபோக்கின் சிறந்த பகுதி என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது கட்சிதான் நீடித்து நிற்கிறது.

8, 9.6, 3.2: இந்தக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

சிறு வயதில் நாம் யாரும் அளவு பார்த்துக் கட்டியதில்லை. பெரியவர்கள் கட்டுவதில் உள்ள வித்தியாசமே இங்கேதான்.

கட்டையின் மேலே இருக்கும் குமிழ்களை 'ஸ்டட்' என்பார்கள். ஒரு குமிழின் நடுவில் இருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ. அதாவது மூன்று தட்டுகளை அடுக்கினால் ஒரு கட்டை உயரம்.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்ததுதான் சூட்சுமம். ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மி.மீ. உயரம் வரும். இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மி.மீ. இரண்டும் ஒன்று! ஆகவே கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தும் இடைவெளி இல்லாமல் பொருத்த முடியும். குமிழ் மேலே பார்க்காமல் பக்கத்தைப் பார்க்கும் இந்த உத்தியை 'ஸ்டட்ஸ் நாட் ஆன் டாப்' என்பதைச் சுருக்கி 'ஸ்னாட்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சளி என்று பொருள். ரசிகர்களுக்கு அதில் ஒரு குறும்பு!

பெரிய மாடல்களில் சுவர் வழவழப்பாகவும், காரின் முகப்பு வளைவாகவும் தெரிகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த 5-க்கு 2 கணக்குதான்.

இன்னொரு கணக்கும் கைகொடுக்கும். பொம்மை மனிதரின் உயரம் சுமார் 4 செ.மீ. அவரை 170 செ.மீ. உயர மனிதராக வைத்துக்கொண்டால், உங்கள் உலகம் நிஜத்தில் சுமார் 42-ல் ஒரு பங்கு. வீட்டில் ஒரு தளம் 10 அடி என்றால், இங்கே ஏறக்குறைய 7 கட்டை உயரம். 2.5 மீட்டர் அகலமுள்ள பஸ் என்றால் ஏழு, எட்டு குமிழ் அகலம். இந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் தெருமுனை டீக்கடையைக் கட்டிப் பாருங்கள். வாங்கிய எந்த செட்டும் தராத திருப்தி கிடைக்கும்.

புத்தகத்தைப் பார்த்துக் கட்டினால் போதாதா?

போதும். தப்பே இல்லை. நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்தவருக்கு, அடுத்து என்ன என்று வேறு ஒருவர் சொல்லச் சொல்லக் கட்டுவது பெரிய நிம்மதி. 2021-ல் வந்த 'பூங்கொத்து' செட்டும் அதன் பிறகு வந்த செடி, மலர் செட்களும் இதுவரை லெகோவைத் தொடாதவர்களையும் இழுத்து வந்தன.

ஆனால் புத்தகத்தை மட்டுமே நம்பினால் ஒரு கட்டத்தில் வரிசையாகப் பெட்டி வாங்குவதுதான் பொழுதுபோக்காக மாறிவிடும். 2022-ல் வந்த ஈஃபிள் கோபுரத்தில் 10,001 கட்டைகள். கட்டி முடித்தால் கிட்டத்தட்ட ஐந்தடி உயரம் நிற்கும். அடுத்து அதை எங்கே வைப்பது? பிரிக்கவும் மனசு வராது. அலமாரி நிறைந்த பிறகு, திறக்காத பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் சேரும். அந்த இடத்தில்தான் பலருக்கு இரண்டாவது இருண்ட காலம் தொடங்குகிறது.

சொந்தமாகக் கட்டுவதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'மாக்', அதாவது 'மை ஓன் கிரியேஷன்'. அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டை வேண்டியதில்லை. எட்டு குமிழ் கொண்ட சாதாரணக் கட்டை ஆறு, ஒரே நிறத்தில் இருந்தால் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் தெரியுமா? 91,51,03,765 விதம். நிறுவனம் பல காலமாகச் சொல்லிவந்தது 10,29,81,500 தான். அது ஒன்றன் மேல் ஒன்றாக ஆறடுக்குக் கோபுரமாக வைத்தால் கிடைக்கும் எண்ணிக்கை மட்டும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியை வைத்து முழுசாக எண்ணிக் காட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது.

பயிற்சிக்கு ஒரு வழி: ஏற்கெனவே கட்டிய ஒரு செட்டைப் பிரித்து, அதே கட்டைகளை மட்டும் வைத்து வேறு ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். புதுக் கட்டை சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடே மூளையை வேலை செய்ய வைக்கும். முதல் இரண்டு மூன்று சுமாராகத்தான் வரும். 10 வயதில் செய்ததும் சுமார்தான், அப்போது யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

உதிரிக் கட்டைகள், வரி, போலிகள்

குறிப்பிட்ட கட்டை மட்டும் வேண்டும் என்றால் முழு செட் வாங்கத் தேவையில்லை. 2000-ல் தொடங்கிய 'பிரிக்லிங்க்' என்ற இணையச் சந்தையில் உலகெங்கும் உள்ளவர்கள் உதிரியாக விற்கிறார்கள். 2019-ல் லெகோ நிறுவனமே இதை வாங்கிவிட்டது. அதன் 'ஸ்டூடியோ' மென்பொருள் இலவசம். கணினியில் முதலில் கட்டிப் பார்த்து, எத்தனை கட்டை தேவை என்று கணக்கெடுத்துவிட்டு, பிறகு காசு செலவழிக்கலாம். காசே செலவழிக்காமல் திரையிலேயே கட்டிக்கொண்டு திருப்தியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20-ல் இருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. வெளிநாட்டில் மலிவாகத் தெரியும் விலையைப் பார்த்து ஆர்டர் போட்டால், தபால் செலவும் வரியும் சேர்ந்து கையைச் சுடும். பழைய செட்களை உள்ளூரில் கை மாற்றி வாங்குவதுதான் பலருக்குக் கட்டுப்படியாகும் வழி.

மற்ற பிராண்ட் கட்டைகள் வாங்கலாமா? கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. அந்த வடிவம் தனக்கு மட்டுமே சொந்தம் என்ற லெகோவின் வாதத்தை கனடா உச்ச நீதிமன்றம் 2005-லும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010-லும் ஏற்கவில்லை. எனவே பொருந்தக்கூடிய கட்டையை வேறு பெயரில் செய்வது குற்றமல்ல. ஆனால் லெகோ செட்டின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே நகலெடுத்து விற்பது வேறு விஷயம். 'லெபின்' என்ற பெயரில் இதைச் செய்தவர்களைச் சீனப் போலீஸ் 2019-ல் பிடித்தது.

பெட்டியைத் திறக்காமல் வைத்தால் லாபமா?

"தங்கத்தைவிட லெகோ லாபம்" என்று வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை நீங்களும் பார்த்திருக்கலாம். விற்பனை நிறுத்தப்பட்ட சில செட்களின் விலை ஏறியது உண்மைதான். ஆனால் தாஜ்மஹால் கதையையும் கேளுங்கள்.

2008-ல் 5,922 கட்டைகளுடன் தாஜ்மஹால் செட் வந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 300 டாலர். விற்பனை நிறுத்தப்பட்ட பிறகு திறக்காத பெட்டி ஆயிரக்கணக்கான டாலருக்குக் கை மாறியது. 2017-ல் நிறுவனம் ஏறக்குறைய அதே செட்டை 370 டாலருக்கு மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய பெட்டியை லாபத்துக்காகப் பதுக்கி வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். கட்டுவதற்காகக் காத்திருந்தவர்களோ குஷியானார்கள்.

கடைசியாகச் சில சின்ன விஷயங்கள்

40 வயதுக் கண்ணுக்குக் கறுப்புக் கட்டையும் கருஞ்சாம்பல் கட்டையும் ராத்திரி விளக்கில் ஒன்றுபோலத்தான் தெரியும். நல்ல வெளிச்சம் தரும் மேஜை விளக்கு ஒன்று வாங்குங்கள், அது அடுத்த செட்டைவிட அவசியம். தரையில் உட்கார்ந்தே கட்டினால் முதுகு பதில் சொல்லும். அடியில் ஒரு வெள்ளைத் துணி அல்லது ஓரம் உயர்ந்த தட்டு இருந்தால் கட்டை சோபாவுக்கு அடியில் ஓடாது. வெறுங்காலில் மிதித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒட்டிக்கொண்ட தட்டுகளைப் பிரிக்க, பெரிய செட்களோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கருவி வருகிறது. சிறு வயதில் பல்லால் கடித்துப் பிரித்த கட்டைகளை இப்போது எடுத்துப் பார்த்தால் அந்தத் தழும்பு அப்படியே இருக்கும். அவற்றைச் சுவரின் உள்பக்கம் வைத்துக் கட்டிவிட்டால் வெளியே தெரியாது.